காமதகனமும் திரைக்காட்சியும்

காமம் என்னுஞ் சொல் தமிழ் நூல்களில் இழிந்த பொருளையே தருவதொன்று அன்று. திருவள்ளுவர் தம் நூலின் மூன்றாம் பாலுக்கு அச்சொல்லையே பெயராக்கினர். ஆசிரியர் தொல்காப்பியனார் பொருளதிகாரத்தை அகத்திணையினின்றே தொடங்கினர். சைவ நன்னெறியும் இவ்வழக்கினின்று வேறுபட்டதன்று. ஆதலின், திரைப்படங்களிலும் அவற்றினின்று பரவும் பாடல்களிலும் ஆண் பெண் வேட்கை காட்டப்படும் முறையைச் சைவர் ஆராயப் புகுங்கால், காமத்தைக் காட்டுதல் தகுமோ தகாதோ என்பது முதல் வினா ஆகாது. அது யாங்ஙனம் காட்டப்படுகின்றது, யாரை நோக்கிக் காட்டப்படுகின்றது, கண்டார் உயிரை அஃது யாது செய்கின்றது என்பனவே ஆராயற்பாலன.

இறைவன் யோகத்தில் அமர்ந்திருந்த காலத்து உயிர்கள் இணைவிழைச்சு ஒழிந்து வாடின என்பதும், தேவர் ஏவக் காமன் சென்று மலர்க்கணை தொடுத்தான் என்பதும், நெற்றிவிழி திறந்த அளவில் அவன் நீறாயினான் என்பதும் கந்தபுராணம் ஓதியார் அறிந்தனவே. மயிலாடுதுறைக்கு அணித்தாகிய திருக்குறுக்கை வீரட்டம் அச்செயல் நிகழ்ந்த பதி எனப் போற்றப்படுவது. இவ்வரலாற்றின் உட்பொருளை அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்து முதற் சூத்திரத்தில் ஆராய்கின்றார். அவர் கருத்துப்படி, இறைவன் போக வடிவம் கொள்வது உயிர்களுக்குப் போகம் அளித்தற்பொருட்டு. யோக வடிவம் கொள்வது அவற்றுக்கு யோகமுத்தி அளித்தற்பொருட்டு. காமனை எரித்தவனே பின்னர் இமவான் மகளை மணந்தான் என்பதை மறந்து, எரித்ததனை மட்டும் நினைந்து காமமே பகையென்பார் கதையிற் பாதியே கேட்டவராவர். எரிந்தது உயிர்களின் வேட்கை அன்று. தன் கணைக்குத் தோலாதார் எவரும் இலர் என்று தருக்கிய செருக்கே எரிந்தது.

அச்செருக்கை ஒரு திரைப்பாட்டு மீண்டும் எழுப்பிப் பாடியது. 1944-ஆம் ஆண்டு தீபாவளியில் வெளிவந்த 'ஹரிதாஸ்' என்னும் படம் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்கிய அப்படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் ஹரிதாசனாகவும், டி. ஆர். ராஜகுமாரி அவனை மயக்கும் கணிகையாகவும் நடித்தனர். அதில் 'மன்மத லீலை' எனத் தொடங்கும் சாருகேசி இராகப் பாட்டு, காமனுடைய விளையாட்டை வென்றவர் எவரேனும் உளரோ என்று வினவுவது. பாடலை யாத்தவர் பாபநாசம் சிவன். மயிலைக் கபாலீசுவரர் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பஜனை செய்து வலம் வந்த அன்பர். கபாலியை அத்துணை கீர்த்தனங்களில் பாடிய ஒருவர்க்கு அவ்வினாவின் விடை தெரியாததன்று. திருக்குறுக்கையே விடை.

ஆயின் அவரைக் குறைகூறுதல் முறையன்று. அப்பாட்டு, மயக்கத்தில் ஆழ்ந்த ஒருவன் வாயிலிருந்து வருவது. பெற்றோரைத் துரத்திய அவன், பின்னர் அறிவு தெளிந்து, தாய் தந்தையர்க்குத் தொண்டு புரிந்து உய்கின்றான். கதை முழுவதையும் கண்டார்க்குப் பாட்டிலுள்ள வினாவுக்குக் கதையே விடை கூறிவிடுகின்றது. பிற்பகுதியில் வரும் பெற்றோர் வழிபாட்டுப் பாடலும், கண்ணனை விளிக்கும் பாடலும் மக்கள் நாவில் நிலைத்தன என்பதையும் மறைத்தல் ஆகாது. குற்றம் பிறிதோரிடத்தே தொடங்குகின்றது. இசைத்தட்டு பாட்டைக் கதையினின்று பிரித்தது. வினா மட்டும் ஊர்தோறும் ஒலித்தது; விடை கொட்டகைக்குள்ளேயே தங்கிற்று. அன்று இசைத்தட்டு செய்ததனை இன்று கைப்பேசி ஆயிரம் மடங்கு செய்கின்றது. படம் வெளிவருமுன்னரே அதன் ஆடற்பாட்டு மட்டும் தனிக் காணொளியாக விடப்படுகின்றது. கதைக்கு யாதொரு தொடர்புமின்றி, ஒரு பெண் வந்து ஆடிவிட்டுப் போவதற்கென்றே புகுத்தப்படும் பாட்டும் உண்டு. அவளுக்குக் கதையில் பெயர்கூட இராது. தாயில்லை, ஊரில்லை, அவள் யாரை விழைகின்றாள் என்பதும் இல்லை. சூழ நிற்கும் ஆடவர் கூட்டமே உண்டு. அக்கூட்டத்திற் கொட்டகையில் இருப்பாரும் ஒருவராகச் சேர்க்கப்படுகின்றனர்.

ஈண்டு ஒரு தடை எழும். சைவர் தம் திருமுறைகளிலேயே காமச்சுவை நிரம்பக் கிடப்பவும், திரைப்படத்தை மட்டும் பழித்தல் நடுவுநிலைமையோ? திருவாதவூரடிகள் அருளிய திருக்கோவையார் நானூறு செய்யுளும் தலைவன் தலைவியைக் கண்டு காமுறுதலிற் பிறந்து வளர்வன. சேரமான் பெருமாள் நாயனாரது திருக்கைலாய ஞானவுலாவில் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் இறைவன் பவனி கண்டு வளைசோர நிற்கின்றனர். அவர்தம் உறுப்பு நலன்களும் விரித்தே கூறப்பட்டுள்ளன. கோயில் மண்டபத் தூண்களிலோ எனின், கூறவே வேண்டா. இவற்றைப் பக்தி என்றும், திரையிற் காண்பதனைக் கயமை என்றும் கூறுதல், தம் வீட்டு விளக்கை விளக்கென்றும் அயல்வீட்டு விளக்கைத் தீ என்றும் கூறுதல் போலும் என்பர் மறுப்போர்.

இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. இதற்கு இரண்டு பொய் விடைகள் வழங்குகின்றன. கோவையிற் சிற்றின்பப் பொருளே இல்லை, யாவும் பேரின்பமே என்று மழுப்புவது ஒன்று. அங்ஙனமாயின், பேராசிரியர் அதற்கு அகப்பொருள் துறைதோறும் உரைகண்டது வீணாதல் வேண்டும். உலகியற் காதல் உண்மையாக நின்றாலன்றி, அதன்மேல் ஏறிநிற்கும் பேரின்பம் நிற்க இடமின்றி விழும். கோயிலைச் சார்ந்தது யாதாயினும் தூயதே என்பது மற்றொன்று. இதுவும் பொருந்தாது. கோயிற் பணிக்கெனப் பொட்டுக் கட்டப்பட்ட மகளிருட் பலர் செல்வர்தம் விழைவுக்கு இரையாயினர் என்பதை எவரும் மறுத்தற்கில்லை. அவ்வழக்கத்தைத் தடுத்து 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. திருநாமத்தைப் போர்வையாக்கிய காமம், போர்வையின்றி நின்ற காமத்தினும் கொடிதாயிற்று.

அவ்வழக்கம் ஒழிந்தபோது, அதனோடு வாழ்ந்த கலையை யாங்ஙனம் காப்பது என்பதில் இரு பெரியார் மாறுபட்டனர். 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, பதங்களிலும் ஜாவளிகளிலும் உள்ள சிருங்காரத்திற் பெரும்பகுதியை விலக்கி, பக்தியை முன்னிறுத்தினார். இசை வேளாளர் மரபில் வந்த பாலசரசுவதி அதற்கு உடன்பட்டிலர். 1975-ஆம் ஆண்டு தமிழ் இசைச் சங்கத்தில் தலைமையுரை நிகழ்த்தியபொழுது, சிருங்காரமே ஆடலின் தலையாய சுவை என்றும், அதனைத் தூய்மை செய்யப் புகவேண்டுவது இல்லை என்றும் கருத்துரைத்தார். அலாரிப்பைக் கோபுரமாகவும், பதத்தைக் கருவறைக்குள் புகும் அமைதியாகவும் உவமித்தார். காதற்பாட்டு கருவறையில்! இவ்விருவருள் சித்தாந்த நெறிக்கு அணித்தாக நின்றவர் பாலசரசுவதியே என்று தோன்றுகின்றது. அவர் ஆடுங்கால் அமர்ந்த நிலையிலேயே முகமும் கையும் கொண்டு ஒரு பதத்தை நெடும்பொழுது விரித்தல் உண்டு. அங்கே காமத்துக்கு ஓர் எதிர்முகம் இருந்தது. அவள் யாரை எதிர்நோக்கி இருக்கின்றாள், அவன் ஏன் வந்திலன், தோழியை ஏன் சினக்கின்றாள் என்பன யாவும் காண்பார்க்குப் புலனாயின. காண்பார் அவள் ஏக்கத்தைக் கண்டனர். அவளை ஓர் உறுப்புக் குவியலாகக் கண்டிலர்.

வேறுபாடு இங்கேதான் உளது. கோவையில் தலைவி பேசுகின்றாள், நாணுகின்றாள், ஊடுகின்றாள், மறுக்கின்றாள். செய்யுள்தோறும் தில்லையோ அதன் தலைவனோ இடைவர, நோக்கு அவள் மேனியில் தேங்கி நில்லாது அப்பாற் செல்கின்றது. உலாவிலோ நோக்குவார் மகளிர், நோக்கப்படுபவன் இறைவன். திரைப்படக் கருவியோ ஒரு பெண்ணை நெற்றி முதல் அடி வரை துண்டு துண்டாக அறுத்துக் காட்ட வல்லது. புலவரும் பாதாதிகேசம் பாடினரே எனின், சொல்லாற் பாடிய உறுப்பைக் கேட்போன் தன் உள்ளத்தில் அமைத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வமைப்பிற் பண்பும் பெயரும் உடன் கூடும். கருவி காட்டும் துண்டு அங்ஙனம் கூட்டிக்கொள்ள இடந்தருவதில்லை. இங்கு ஓர் உண்மையையும் கூறுதல் தகும். துறவு பற்றி எழுந்த பாடல்கள் சிலவற்றில் பெண்ணுறுப்புக்களை ஒவ்வொன்றாக எண்ணி அருவருப்போடு இகழும் வழக்கு உண்டு. விழைவாற் பிரித்தெண்ணுதலும் வெறுப்பாற் பிரித்தெண்ணுதலும் அவளை ஓர் உயிராகக் காணாமையில் ஒத்தனவே. அவற்றை மனப்பாடம் செய்த மடத்து மாணாக்கர் எல்லாரும் அதனால் காமம் நீங்கினர் என்று துணிதல் அரிது.

இனிச் சித்தாந்த நூன்முறையால் இதனை நோக்குவாம் எனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னருகு வைத்த நிறத்தைக் காட்டுதல் போல, உயிர் தான் அழுந்தி அறியும் பொருளின் தன்மையைத் தன்மேற் கொள்ளும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் கூட்டியது, உயிர் நுகர்ந்து நுகர்ந்து மலம் பரிபாகம் உறுதற்கே. பிராரத்தம் நுகர்ச்சியாற் கழியும். நுகருங்கால் எழும் விருப்பு வெறுப்புக்களால் ஆகாமியம் ஏறும். இல்லறத்தான் ஒருவனுடைய காமம் நுகர்ச்சியிற் கழிகின்றது. அதனோடு அன்பும், பொறையும், மக்களை வளர்க்கும் துன்பமும் கூடி அவனைப் பக்குவப்படுத்துகின்றன. திரைக்காட்சி கிளர்த்தும் வேட்கைக்கோ நுகர்பொருள் எதிரே இல்லை, நிழலே உளது. ஆதலின் கழிவது மிகச் சிறிது, ஏறுவது மிகப் பெரிது. அது போகமும் அன்று, யோகமும் அன்று.

அற்றேல், ஓசையும் ஒளியும்போல உருவமும் ஐம்புல விடயத்துள் ஒன்றாதலின், காண்டலும் ஒரு நுகர்ச்சியே அன்றோ எனின், ஆம். நல்லதோர் ஓவியத்தைக் கண்டவன் கண்ணும் நிறைகின்றது. அவன் எழுந்து போகின்றான். ஈண்டோ நிறைதலே வணிகத்துக்குப் பகை. ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது வந்து நிற்கும்படி கைப்பேசியின் செயலிகள் அமைக்கப்பட்டுள்ளன. பார்த்தவன் நிறைவு பெற்றால் விற்பவனுக்கு ஊதியமில்லை. பசி தீர்க்கும் கடையன்று அது, பசியை விற்கும் கடை.

அரசின் சட்டம் இதனைத் தடுக்குமோ எனின், ஓரளவே. அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் பாடகர் 1957 ஜனவரியில் எட் சலிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபொழுது, அவர்தம் இடை அசைவு தகாதெனக் கருதி, இடைக்கு மேலே மட்டும் காட்டினர். மறைத்த அதுவே மறைத்ததனை நினைப்பித்தது. இந்திய உச்சநீதிமன்றத்தின் நோக்கு இதனினும் நுண்ணியது. 1970-இல் கே. ஏ. அப்பாஸ் தம் படத்தின்பொருட்டுத் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி இதாயத்துல்லா, பாலுணர்வும் ஆபாசமும் எப்பொழுதும் ஒன்றல்ல என்று தெளிவாக்கினார். 1996-இல் 'பாண்டிட் குயின்' என்னும் படத்தைப் பற்றிய வழக்கில், கொடியோர் ஒரு பெண்ணை ஆடையின்றி ஊர்நடுவே நடத்திச் செல்லும் காட்சியைத் தடுக்க அம்மன்றம் மறுத்தது. அக்காட்சி காண்பாரிடத்துக் காமத்தை எழுப்புவதன்று, கொடியோர்மேல் வெறுப்பையும் அவள்மேல் இரக்கத்தையும் எழுப்புவது என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆடையின் அளவைக் கொண்டு அளவாமல், உள்ளத்தில் எழும் பயனைக் கொண்டு அளந்தமையால், அது நூலோர் முறைக்கு அணித்தாயிற்று. எனினும், சான்றிதழ் கொடுக்கும் குழு கத்தரிக்கக் கூடியது படச்சுருளையே. விழைவின் வணிகத்தை அன்று.

இதுகாறும் கூறியவை கண்டாரைப் பற்றியன. காணப்பட்டாளைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. 1980-இல் 'வண்டிச்சக்கரம்' என்னும் படத்தில் 'சிலுக்கு' என்னும் பாத்திரத்தை ஏற்றுப் பெயர்பெற்ற விஜயலட்சுமி என்னும் இளம்பெண், அதன்பின் சிலுக்கு சுமிதா என்றே அழைக்கப்பட்டார். பாத்திரத்தின் பெயர் அவர் பெயரை விழுங்கிவிட்டது. தென்னாட்டு மொழிகள் பலவற்றிலும் அவருடைய ஆடல் இருந்தாலன்றிப் படம் விலைபோகாது என்று வணிகர் கருதிய காலம் ஒன்றிருந்தது. கொட்டகையில் அவரைக் கண்டு ஆரவாரித்தோரே வெளியே வந்து அவரை இழித்துரைத்தனர். 1996 செப்டம்பரில் சென்னையில் தம் இல்லத்தில் அவர் உயிர்நீங்கிக் கிடந்தார். முப்பத்தாறு அகவையும் நிரம்பியதில்லை. தாமே உயிர் மாய்த்துக்கொண்டார் என்பர். பின்னர் 2011-இல் அவர் வாழ்வைத் தழுவியதாக இந்தியில் ஒரு படம் வந்து பெரும்பொருள் ஈட்டியது. இறந்தபின்னும் அவரை நோக்குதலை உலகம் விட்டதில்லை.

இத்தகையாரைப் பழித்து, இவரே உலகைக் கெடுத்தார் என்று சமய மேடைகளிற் பேசுவார் உளர். பெரியபுராணம் கற்றார்க்கு அங்ஙனம் பேச நாவெழாது. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார் பரத்தைபாற் சென்று மீண்டபொழுது, அவர் மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, எம்மைத் தீண்டாதொழிக என்றனர். 'எம்மை' என்ற பன்மையால் உலகத்து மகளிர் அனைவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதிகொண்டனர். ஒரே வீட்டில், பிறர் அறியாமல், இளமை கழிந்து மூப்பு வரும் வரை அவ்வுறுதியைக் காத்தனர். சேக்கிழார் அப்பரத்தையை ஒரு சொல்லாலும் வைதிலர். பிழை நோக்கினவனுடையது, காவலும் அவனுடையதே. காரைக்காலம்மையாரோ கணவன் தம்மைத் துறந்தான் என்றறிந்தவுடன், அவனுக்கெனத் தாங்கிய அழகுச் சதைப்பொதியை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றனர். பிறர் கண்ணுக்கு விருந்தாக இருக்க மறுத்த முதற்பெருமாட்டி அவரே எனலாம். அவ்வடிவம் கொள்ள ஆற்றல் இல்லாதார், கண்டோர் விதித்த வடிவத்திலேயே நின்று அழிய நேர்கின்றது.

காமக்காட்சியில் உலகம் மூழ்குங்கால் சைவர் செய்தற்குரியது யாது என்பதற்குச் சேக்கிழார் வரலாறே சான்றாக நிற்கின்றது. அநபாய சோழன் சீவகசிந்தாமணியைக் கேட்டுக் கேட்டு அதன் சுவையில் ஆழ்ந்திருந்தான் என்று திருத்தொண்டர் புராண வரலாறு கூறும். சிந்தாமணியும் துறவில் முடிவதே; இயற்றியவரும் துறவியே. எனினும், இலம்பகந்தோறும் திருமணம் நிகழ்தலின் 'மணநூல்' என்றே அது பெயர் பெற்றது. ஹரிதாசன் கதைபோல, முடிவை விடுத்து இடையையே சுவைத்தல் அன்றும் இருந்தது போலும். அமைச்சராகிய சேக்கிழார் அந்நூலை எரிக்க ஆணை பெற முயன்றாரல்லர். அரசனை இடித்துரைத்து, தாமே தில்லை சென்று வேறொரு நூல் பாடினர்.

அந்நூலும் காதலின்றித் தொடங்கியதா? இல்லை. பாட்டுடைத் தலைவராகிய சுந்தரர் திருவாரூர்த் திருக்கோயிலிற் பரவையாரைக் கண்டு மயங்குகின்றார். இருவரும் அன்றிரவு நிலவாலும் தென்றலாலும் வருந்துகின்றனர். பரவையார் உருத்திரகணிகையர் குலத்தில் தோன்றியவர் என்பதை ஆசிரியர் மறைத்திலர், நாணியதும் இலர். சுந்தரர் திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்து மீண்டபொழுது பரவையார் ஊடினர், கதவடைத்தனர். ஊடல் தீர்க்க இறைவனே நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் தூது நடந்தான். முதன்முறை அர்ச்சகர் கோலத்திற் சென்ற அவனை அவர் மறுத்துத் திருப்பியனுப்பினர். அவன் சினந்து வரம்பு கடந்தானல்லன், மீண்டும் வந்தான். ஒரு பெண் 'இயலாது' என்று கூறிய சொல்லுக்கு உலகமுதல்வன் தெருவில் இருமுறை நடந்தான் என்று பாடிய காப்பியம் அது. அதனைப் படித்த கண்கொண்டு, பெயரில்லாத ஒருத்தி பேச்சில்லாமல் ஆடும் பாட்டைக் காண்பவன், தன் உள்ளத்திலேயே ஏதோ ஒன்று இசையாது நிற்பதை உணர்வன். இத்தகைய கண்ணைக் கொடுக்கும் பாட்டும் கூத்தும் படமும் தோன்றுமாயின் நலம். சைவச் செல்வர்கள் கோபுரத்துக்கு வண்ணம் பூசும் பொருளில் ஒரு சிறு கூறு அதற்குச் செலவிடலாம்.

காமன் வரலாற்றின் முடிவும் ஈண்டு நினைக்கத்தக்கது. கணவன் நீறானமை கண்டு இரதி அழுதாள். இறைவன் மலைமகளை மணந்த அந்நாளில் அவள் வேண்ட, காமன் மீண்டும் எழுந்தான். ஆயினும் முன்போல் அன்று. அவள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும் உருவுடையவனாகவும், ஏனையோர் எவர்க்கும் புலனாகாத அநங்கனாகவும் இருக்குமாறு அவனுக்கு அருள் கிடைத்தது.